0.12 நல்லதா, 0.19 நல்லதா?

கேள்வி: மூன்று கணிப்புப் போட்டிகளில் கலந்துகொண்டேன். மூன்றிலும் பிரையர் மதிப்பெண்தான். முதலில் 0.12, அடுத்து 0.19, கடைசியில் 0.30. முதல் போட்டியில் பத்துக் கேள்விக்கு ஒன்றுதான் ‘ஆம்’ என்று முடிந்தது; இரண்டாவதில் பாதிக்குப் பாதி. மதிப்பெண் குறையக் குறைய நல்லது என்கிறார்கள். அப்படியானால் என் கணிப்பு போகப் போக மோசமாகிறதா?

பதில்: இல்லை. நீங்கள் சறுக்கியது முதல் போட்டியில்தான்.

நீங்கள் சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, நடக்காவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை எல்லாக் கேள்விகளுக்கும் சராசரி எடுத்தால் வருவதுதான் பிரையர் மதிப்பெண். முதல் போட்டியில் ஒருவர் எதையுமே படிக்காமல் எல்லாக் கேள்விக்கும் 10% என்று போட்டிருந்தால் 0.1 × 0.9, அதாவது 0.09 வாங்கியிருப்பார். நீங்கள் வாங்கியது 0.12. இரண்டாவதில் அதே ஆள் எல்லாவற்றுக்கும் 50% போட்டால் 0.25, உங்களுடையது 0.19. வானிலைக் கணிப்பாளர்கள் இதைத் திறன் மதிப்பெண்ணாக மாற்றுவார்கள்: உங்கள் மதிப்பெண்ணை அந்தச் சும்மா கணிப்பின் மதிப்பெண்ணால் வகுத்து, 1-இலிருந்து கழிக்க வேண்டும். முதல் போட்டிக்கு −0.33, இரண்டாவதற்கு +0.24.

மூன்றாவதன் விதிமுறையை ஒருமுறை பாருங்கள். கிளென் பிரையர் 1950இல் எழுதிய கட்டுரையில் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டின் பிழையையும் கூட்டினார். அதில் மதிப்பெண் 0 முதல் 2 வரை போகும். இன்று பலர் ஒரு பக்கத்தை மட்டுமே எடுக்கிறார்கள். அந்தப் போட்டி பழைய முறையில் கணக்கிட்டிருந்தால் உங்கள் 0.30 உண்மையில் 0.15தான். மடக்கை மதிப்பெண் (வர்க்கத்துக்குப் பதில் நிகழ்தகவின் மடக்கையை, அதாவது log-ஐ, வைத்துக் கணக்கிடுவது) தரும் போட்டி என்றால் இப்படி வகுத்து மாற்ற முடியாது. நீங்கள் கொடுத்த நிகழ்தகவுகளை எடுத்துப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அதனால் மதிப்பெண்ணை விட்டாலும் கணிப்புகளைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. ‘பத்துக்கு ஒன்று’ என்பது போட்டி முடிந்த பிறகுதான் தெரிகிறது. முன்கூட்டி யாருக்கும் தெரியாத விகிதத்தோடு உங்களை ஒப்பிடுவது கொஞ்சம் கறார்தான். நான் அதிகம் நம்புவது வேறொன்றை: அதே கேள்விக்கு, அதே நாளில், மற்றவர்கள் சொன்னதன் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்). முதல் நாள் எல்லோரும் 60% என்றபோது நீங்கள் 80% என்றீர்கள், அது நடந்தது என்று வையுங்கள். உங்கள் பிழை 0.04, அவர்களுடையது 0.16, உங்கள் லாபம் 0.12. கடைசி நாள் வந்து, கூட்டமே 97% சொல்லும்போது தானும் 97% போட்டவருக்குப் பிழை 0.001கூட வராது, லாபமும் பூஜ்யம். வெறும் பிரையரில் அவர் உங்களை முந்திவிடுவார். எளிதான கேள்விகளை மட்டும் பொறுக்கியவரும் இந்த ஒப்பீட்டில் தப்ப முடியாது.

தரவரிசை எண்ணை ஒப்பிடாதீர்கள். முதலிடத்துக்கு மட்டும் பரிசு என்றால் 70% என்று நம்புகிறவர்களும் 95% போட்டுப் பார்ப்பார்கள். பலர் அப்படிச் செய்தால் அதிர்ஷ்டம் அடித்த ஒருவர் மேலே நிற்பார்.

கேள்விகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். கேள்விக்குக் கேள்வி உங்கள் லாப நஷ்டத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 0.2 என்றால், 25 கேள்விகளின் சராசரியில் திட்டப் பிழை (அந்தச் சராசரியே தற்செயலாக ஆடக்கூடிய அளவு) 0.04 இருக்கும். அங்கே 0.03 முந்தியிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 400 கேள்விகளில் அதே பிழை 0.01 ஆகிவிடும், அப்போது 0.03 பேசத் தகுந்த வித்தியாசம்.