உயர்நிலைப் பள்ளியில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வேலை எப்படி இருக்கும்?

பி.எட். சிறப்புக் கல்வி படித்துவிட்டு இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ஆனால் பொறுமை மட்டும் இருந்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பி வராதீர்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி அனுபவத்தில் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பையனுக்குத் தன்னால் வாசிக்க முடியாது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும், அதை மறைப்பதில் அவன் கைதேர்ந்தவன். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதியிருப்பான், நோட்டைப் பார்த்தால் முதல் ரேங்க் என்று நினைப்பீர்கள். வாசிக்கச் சொன்னால் "சாக்பீஸ் எடுத்துட்டு வரட்டுமா டீச்சர்" என்று கிளம்புவான், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டிவிட்டு வெளியே போய் நிற்பான். மக்கு என்று பெயர் எடுப்பதற்குச் சேட்டைக்காரன் என்ற பெயர் எவ்வளவோ மேல், இல்லையா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில், இப்படி வாசிக்கவும் எழுதவும் திணறுகிற கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் வாங்கிவிட்டால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டுமே. "கை கால் நல்லாத்தானே இருக்கு டீச்சர், அந்த மாற்றுத்திறனாளி அட்டையை வாங்கிட்டா நாளைக்கு யாரு பொண்ணு கொடுப்பா?" என்பார்கள். கோபப்பட முடியாது, அவர்கள் பயம் அவர்களுக்கு. பொதுத்தேர்வு நெருங்கியபின் ஓடினால் ஆகாது என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று, எழுத ஆள் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஐந்து மதிப்பெண் விடையை எப்படிக் கோர்வையாகச் சொல்லும்? அதற்கே மாதக்கணக்கில் பழக்க வேண்டும். என்னைக் கேட்டால் உயர்நிலை வகுப்புகளில் நாம் செய்யும் உருப்படியான வேலை இதுதான்.

இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று அளவு வகுக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் எங்களில் பலர் வட்டார வள மையம் என்கிற ஒன்றிய அளவிலான கல்வி மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போகிறோம், தொகுப்பூதியம்தான். அதை யோசித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கட்டாயம், எனவே நீங்கள் சேரும் கல்லூரியின் படிப்புக்கு அந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.