யோ லா டெங்கோவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: யோ லா டெங்கோ என்ற அமெரிக்க இண்டி ராக் குழுவின் இரண்டு ஆல்பங்களை ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்டேன், மிகவும் பிடித்துவிட்டது. மேடைப் பதிவுகள், சிறு வெளியீடுகள், பிறர் பாடல்களை அவர்கள் பாடிய கவர்கள் என ஏராளமாகக் கிடக்கின்றன. எங்கே தொடங்குவது? டிசம்பரில் வேலை நிமித்தம் நியூயார்க் செல்லும் வாய்ப்பும் இருக்கிறது. அப்போது நேரில் கேட்க முடியுமா?

பதில்: பெரும்பாலான ராக் குழுக்களுக்கு ஆல்பத்தில் உள்ளதே மூலப் பாட்டு, மேடையில் கேட்பது அதன் மறுபதிப்பு. கவர்கள் கொசுறு. யோ லா டெங்கோவிடம் இந்தக் கணக்கு செல்லாது. நியூஜெர்சியின் ஹோபோகன் நகரில் 1984இல் ஐரா கப்லானும் ஜார்ஜியா ஹப்லியும் தொடங்கிய இக்குழு, 1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்நியூ சேர்ந்த பிறகு இன்றுவரை அதே மூவராகவே இயங்கிவருகிறது. ஒரு பாட்டுக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்று இவர்கள் ஒருபோதும் கருதியதில்லை. ஆகவே ஆல்பங்களைக் கால வரிசைப்படி கேட்டு முடிப்பதைவிட, ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதன் பல வடிவங்களைத் தேடிக் கேட்பதே இவர்களை அறிவதற்குச் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

1993இல் வந்த ‘பெயின்ஃபுல்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பாட்டான ‘பிக் டே கமிங்’, ஆர்கன் ஒலியின் மேல் மெல்லிய குரலில் நிதானமாக நகர்கிறது. அதே பாட்டு பத்தாவதாக மீண்டும் வரும்போது கிதார் இரைச்சலோடு வேகமெடுத்துப் பாய்கிறது. 1997இன் ஆல்பத்தில் ஒலிச்சுவர் போல எழும் ‘டீப்பர் இன்டு மூவிஸ்’, 2015இல் வந்த ‘ஸ்டஃப் லைக் தட் தேர்’ ஆல்பத்தில் அடக்கமான அக்கூஸ்டிக் பாட்டாகிவிடுகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் பதிவில் இரைச்சலுக்கு அடியில் மறைந்திருந்த மெட்டு எவ்வளவு எளிமையானது என்பது இரண்டாவதில்தான் காதுக்குப் புலப்படும்.

கவர்களுக்கும் இந்த 2015 ஆல்பத்தையே வாசலாகக் கொள்ளலாம். பிரிட்டிஷ் ராக் குழுவான த கியூரின் பாட்டும் அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் பாட்டும் அதில் இவர்களுடைய சொந்தப் பாடல்களின் அருகில் வேற்றுமை தெரியாமல் அமர்ந்திருக்கின்றன. அடுத்து, இதற்கு முன்னோடியான 1990ஆம் ஆண்டின் ‘ஃபேக்புக்’, பிறகு 2020இல் வந்த ‘ஸ்லீப்லெஸ் நைட்’ என்று செல்லலாம். முதலில் கவரைக் கேட்டுவிட்டு, அதன்பின் மூலத்தைத் தேடிச் செல்வது நல்லது. மூலத்தை முன்பே கேட்டுவிட்டால் மனம் ஒப்பிடத் தொடங்கிவிடும், கேட்காது. 2006இல் வந்த ‘யோ லா டெங்கோ இஸ் மர்டரிங் த கிளாசிக்ஸ்’ தொகுப்பைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். விளம்பரமின்றி நேயர் நன்கொடையில் நடக்கும் டபிள்யூஎஃப்எம்யூ வானொலிக்காக, பணம் அளித்தவர்கள் கேட்ட பாட்டையெல்லாம் ஒத்திகையில்லாமல் உடனுக்குடன் வாசித்த பதிவுகள் அவை. வரிகள் மறந்துபோகும், சுருதி பிசகும். குழுவை நன்கு அறிந்த காதுக்கு அது பெருவிருந்து, புதியவருக்கு அப்படியிராது.

புதிய வெளியீடுகளுக்கு ஸ்ட்ரீமிங் செயலியின் பரிந்துரைகளை மட்டும் நம்ப வேண்டாம். 2023இன் ‘திஸ் ஸ்டுப்பிட் வேர்ல்டு’ போன்ற முழு ஆல்பத்தை அவை காட்டிவிடும். ஆனால் 2020இல் பெருந்தொற்றின்போது ஒத்திகை அறையின் நடுவில் ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவுசெய்த குரலற்ற இசைத் தொகுப்பு போன்ற சிறு வெளியீடுகள் கண்ணில் படாமலே போகக்கூடும். இசைப்பவர்கள் தங்கள் பதிவுகளை நேயர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் குழுவைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்னஞ்சல் வரும். அத்தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் வாங்கினால், பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதித் தொகை இசைப்பவர்கள் தரப்புக்கே செல்லும்.

இனி டிசம்பர். யூதர்களின் ஹனுக்கா பண்டிகையையொட்டி எட்டு இரவுகள் தொடர்ந்து வாசிக்கும் வழக்கத்தை இக்குழு 2001இல் ஹோபோகனின் மேக்ஸ்வெல்ஸ் அரங்கில் தொடங்கியது. 2013இல் அந்தச் சிறிய அரங்கு மூடப்பட்டதால் நின்ற அவ்வழக்கம், 2017இல் நியூயார்க்கின் பவரி பால்ரூமில் மீண்டும் உயிர்பெற்றது. ஒவ்வோர் இரவும் பாடல் வரிசை மாறும். முதலில் மேடையேறும் விருந்தினர் குழு யார், நகைச்சுவைக் கலைஞர் யார் என்பது அன்றிரவுதான் தெரியவரும். இறுதியில் யூதப் பாடலாசிரியர்களின் பாடல்களைக் கவராக வாசிப்பதும் மரபு. ஹனுக்காவின் தேதி ஆண்டுக்காண்டு நவம்பர் இறுதிக்கும் ஜனவரித் தொடக்கத்துக்கும் இடையே நகர்வதால், விமானச் சீட்டை உறுதிசெய்வதற்கு முன் குழுவின் தளத்தில் அறிவிப்பைப் பாருங்கள். எட்டு இரவுகளில் இரண்டுக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தால் இரண்டுக்கும் செல்லுங்கள். முதல் இரவு கேட்டதை மறுநாளும் கேட்க நேரும் என்ற தயக்கம் வேண்டாம். முந்தைய நிகழ்ச்சிகளின் பாடல் வரிசைகளை ரசிகர்கள் செட்லிஸ்ட் எஃப்எம் தளத்தில் பதிந்துவைக்கிறார்கள். எந்தக் கவர் யாருடைய பாட்டு என்பதும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். அரங்குக்குச் செல்லும்போது காதடைப்பான் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். மென்மையாகத் தொடங்கும் இரவுகள்கூட, கப்லான் கிதாரை ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே பிடித்து இரைச்சலை எழுப்பும்போது முன்வரிசையில் நிற்பவர்களின் காதைத் துளைத்துவிடும்.