இடுப்பு வலியும் லண்டன் வைத்தியமும்

கேள்வி: வயது 52. தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது. லண்டனில் இருக்கும் மகள் அங்கே வந்து ஆஸ்டியோபதி பார்க்கச் சொல்கிறாள். அது நம்மூர் சுளுக்கு எடுப்பது போலவா?
- வாசகி, திருப்பூர்

பதில்: ஆஸ்டியோபதி என்பது மூட்டு, தசைகளைக் கையால் அழுத்தி, நீட்டிச் செய்யும் வைத்தியம். கையால் செய்வது என்ற அளவில் சுளுக்கு எடுப்பதோடு ஒற்றுமை உண்டு, அம்மா. 1874-ல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிய முறை இது. பிரிட்டனில் 1993-ம் வருடச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள் மட்டுமே ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ள முடியும். மகளிடம் முதலில் அந்தப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருபது வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். தையல்காரர்களின் முதுகைத் தொட்டதுமே தெரியும்: முதுகெலும்புக்கு இருபுறமும் தசை முறுக்கிய கயிறு மாதிரி இறுகிக் கிடக்கும். கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினால் இளகும், வலியும் குறையும். ஆனால் அதே ஸ்டூலில் அதே கூனலில் உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். அதனால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சாய்மானம் உள்ள நாற்காலி வாங்குங்கள்.

அப்புறம், யாராக இருந்தாலும் கழுத்தைச் சடக்கென்று திருப்ப விடாதீர்கள். அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ கைவைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.