இயற்கைப் பேரிடர் ஒரு ஊரின் நிலத்தையும் அங்குள்ள உயிர்களையும் நிரந்தரமாக மாற்றிவிடுமா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

மாற்றிவிடும். என் கண் முன்னால் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது அந்தமானில், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்). தாத்தா காலத்திலேயே கப்பல் ஏறி வந்த குடும்பம். வண்டூர் போகும் சாலையில் சிப்பிகாட் என்று ஒரு இடம் வரும். அங்கே அப்பா கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து மழைக்காலத்தில் நெல்லும், நெல் அறுத்த பிறகு வெண்டை, கத்தரி, கீரையும் போடுவார். வரப்போரம் பாக்கும் தென்னையும் நின்றன. பள்ளி விடுமுறையில் நானும் தம்பியும் அங்கேதான் கிடப்போம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது. நிற்க முடியவில்லை, அம்மா எங்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் கடல் ஏறியது. அந்த அலையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அப்பா வயலைப் பார்க்கப் போனார். கதிர் முற்றி நின்ற நெல் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. சரி, வடிந்துவிடும், ஒரு மழைக்காலம் போனால் உப்பும் கரைந்துவிடும் என்று நினைத்தார். வற்றம் வந்தபோது தண்ணீர் இறங்கியது. அடுத்த ஏற்றத்தில் திரும்ப வந்தது. மறுநாளும் வந்தது. ஒரு வாரம், ஒரு மாதம் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓடை வழியாகக் கடல் தினமும் இரண்டு முறை எங்கள் வயலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வங்காளப் பெரியவர், அவர்தான் முதலில் சொன்னார்: "கடல் ஏறவில்லை, நம் நிலம் இறங்கிவிட்டது."

அவர் சொன்னதுதான் உண்மை. நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பகுதி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கீழே போயிருந்தது.

ஒரு மீட்டர் என்றால் இடுப்பளவு. பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே பெரிய ஓத நாட்களில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி) சுமார் 2 மீட்டர்தான். அதில் பாதி அளவு நிலம் இறங்கினால், வயலாக இருந்தது கடலோரச் சேறாகிவிடும், ஏற்கெனவே சேறாக இருந்தது நிரந்தரமாக முழுகிவிடும். கரையோரத்தில் எந்த உயிர் எங்கே வாழலாம் என்பதை இந்தச் சில அடிகள்தான் தீர்மானிக்கின்றன.

ஏன் இறங்கியது? பிறகு வாசித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அந்தமான் நிகோபாருக்குக் கீழே இந்தியத் தட்டு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் பர்மா தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் உரசும் இடத்தில் பிடித்துக்கொள்கின்றன. மேலே இருக்கும் தட்டின் ஓரம் மெல்ல மெல்லக் கீழே இழுபடும், அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி சற்றுப் புடைத்து எழும். பல நூறு வருடம் இப்படியே போகும். ஒரு நாள் பிடி விட்டுப்போனால் ஓரம் மேலே துள்ளும், புடைத்த பகுதி தொப்பென்று இறங்கும். அன்றைக்குச் சுமத்ரா அருகே தொடங்கி வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிடி விட்டது. ரிக்டர் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அந்தக் கணக்கில் 9.1.

அதனால் ஒரே நிலநடுக்கம் ஒரே தீவுக் கூட்டத்தில் நேரெதிரான இரண்டு காரியங்களைச் செய்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை, இன்டர்வியூ தீவு, வடக்கு சென்டினல் தீவு எல்லாம் ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் எழுந்தன. நாங்கள் இறங்கினோம். நிகோபார் இன்னும் அதிகமாக இறங்கியது. தென்கோடியில் இந்திரா முனையில் சுமார் 4 மீட்டர். அங்கே கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. டிரிங்கெட் என்ற தீவு மூன்று துண்டானது. அங்கிருந்த நிகோபாரி மக்கள் பக்கத்துக் கமோர்ட்டா தீவுக்குப் போய்விட்டார்கள். கச்சால் தீவில், ரப்பர் தோட்ட வேலைக்காக 1970களில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழர்கள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டு, இங்கே வந்து ஒருவழியாக வேரூன்றியவர்கள். அந்தத் தீவின் தாழ்ந்த கரைகளும் போயின. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. கச்சாலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

எழுந்த பக்கம் தப்பித்தது என்று நினைக்காதீர்கள். சில வருடம் கழித்து வேலை விஷயமாக மாயாபந்தர் போனபோது படகில் அந்தக் கரைகளைப் பார்த்தேன். பவளப்பாறை தண்ணீருக்கு வெளியே நின்றது, எலும்பு மாதிரி வெளுத்து. பவளம் என்பது உயிர். சில மணி நேரத்துக்கு மேல் வெயிலில் அதனால் தாங்க முடியாது. கடலுக்குள் பல நூறு வருடம் வளர்ந்த பவளத் திட்டுகள், நிலம் ஒரு மீட்டர் எழுந்த ஒரே காரணத்தால் மொத்தமாகச் செத்தன. கரையோரக் கண்டல் காடுகளும் (அலையாத்திக் காடுகள்) அப்படித்தான். ஏற்றத்தின் தண்ணீர் எட்டாத உயரத்துக்குப் போனதால் நின்ற இடத்திலேயே காய்ந்தன. வடக்கு சென்டினலைச் சுற்றியிருந்த ஆழமற்ற கடல் வற்றிப் பாறையாகிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. வெளியாரை அண்டவிடாமல் அங்கே அம்பால் மீன் பிடித்து வாழும் மக்கள் அதை எப்படிச் சமாளித்தார்களோ, யாரும் போய்க் கேட்கக் கூடாது, கேட்கவும் வேண்டாம்.

ஆக, அங்கே கண்டல் தண்ணீர் கிடைக்காமல் செத்தது. நிகோபாரில் அதே கண்டல் தண்ணீர் அதிகமாகிச் செத்தது. கண்டலின் மூச்சு வேர்கள் நாள் முழுக்க முழுகிக் கிடந்தால் மரம் மூச்சு முட்டிப் போய்விடும். நிகோபார் தீவுகளில் சுனாமிக்கு முன் இருந்த கண்டல் காடு ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோனது.

மனிதர்களைப் பற்றியே பேசுகிறோம், ஒரு பறவையையும் சொல்ல வேண்டும். நிகோபார் மெகாபோட். கோழி அளவு, பழுப்பு நிறம். இது முட்டையின் மேல் உட்கார்ந்து அடைகாக்காது. கடற்கரைக் காட்டில் மணலையும் இலைச்சருகையும் காலால் வாரிப் பெரிய மேடு கட்டி அதற்குள் முட்டையிடும். சருகு மக்கும் சூட்டில் குஞ்சு பொரியும். மேடு எல்லாம் கரையை ஒட்டியே இருக்கும், அந்த மணல்தான் அதற்குத் தோது. அலை அந்த மேடுகளைத்தான் முதலில் அடித்தது. பின்னால் நடந்த கணக்கெடுப்பில், 1994-ல் இருந்ததைவிட முட்டையிடும் மேடுகள் கிட்டத்தட்ட 70 விழுக்காடு குறைந்திருந்தன. மிச்சப் பறவைகள் புதிதாக உண்டான கரையை ஒட்டி மறுபடி மேடு கட்டத் தொடங்கின. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடும். கடல் ஆமைகளிலேயே மிகப் பெரியது அதுதான். 2004-ல் அந்த மணற்கரையே போனது. ஆமைக்கு இனி இடமில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அலைகள் சில வருடத்தில் மணலை மறுபடி கொண்டுவந்து சேர்த்தன, ஆமைகளும் வந்தன. ஏதோ ஒரு இடத்தில் மணலும் சரிவும் திரும்பி அமைந்தால் அவை வந்துவிடுகின்றன. இப்போது அதே விரிகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம் கட்டத் திட்டம். அந்த விரிகுடா வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது, 2021-ல் அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றார்கள். இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்தத் தீவின் தென்கோடி ஒரே காலையில் 4 மீட்டர் இறங்கியது, அதை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

சரி, சிப்பிகாட்டுக்கு வருகிறேன்.

முதலில் பாக்கு மரங்கள் செத்தன. சில மாதங்களிலேயே ஓலை தொங்கிவிட்டது. தென்னை கொஞ்சம் தாக்குப் பிடித்தது. உப்பு பழகிய மரம் அல்லவா, ஆனால் வேர் நாளெல்லாம் நனைந்தே கிடந்தால் அதற்கும் முடியாது. ஒன்றிரண்டு வருடத்தில் எல்லாம் மொட்டையாக நின்றன. நெல் தாள் அழுகிய நாற்றம் ஒரு வருடம் இருந்தது. அப்புறம் சேற்றில் உளுவை மீன்கள் துள்ள ஆரம்பித்தன. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் வரப்பு இருந்த இடத்தில் வளை தோண்டின. வரப்பு மற்ற இடத்தைவிடச் சற்று உயரம் இல்லையா, நண்டுக்கு அது போதும். தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் எங்கள் பாத்தியின் கோடு நண்டு வளைகளாகவே தெரியும்.

பிறகு கண்டல் வந்தது. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, விழுந்து, மிதந்து போகும். சேறு தட்டுப்படும் இடத்தில் நின்று வேர்விடும். அப்படி மிதந்து வந்தவை முதலில் ஓடை ஓரமாக, பிறகு மெல்ல உள்ளே. யாரும் நட்டதில்லை. அப்பா அதைப் பிடுங்கிக்கூடப் பார்த்தார். ஒரு நாள் கை நிறையப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டு வந்தவர், அதன் பிறகு அதைச் செய்யவில்லை.

பறவைகள் எப்போது கூட்டமாக வரத் தொடங்கின என்று எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. கொக்கு எப்போதும் உண்டு. செந்நாரை, சீழ்க்கைச் சிறகி, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள், எல்லாம் சேர்ந்துகொண்டன. அவற்றோடு அந்தமான் கிளுவை என்ற வாத்து. கண்ணைச் சுற்றி வெள்ளையாக இருக்கும், இந்தத் தீவுகளையும் பக்கத்துக் கோகோ தீவுகளையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. இன்று அதைப் பார்க்க மெயின்லேண்டிலிருந்து பெரிய கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். உயர்த்திக் கட்டிய சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் வயலைப் படம் எடுக்கிறார்கள். உவர்நீர் முதலையும் இந்தப் பக்கம் நடமாடுகிறது. அதனால் தம்பி பிள்ளைகளை ஓடைப் பக்கம் விடுவதில்லை. நாங்கள் அங்கே நீந்திப் பழகியவர்கள்.

"இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்" என்று இந்தத் தளத்தில் பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிப்பிகாட்டில் எதுவும் சரியாகவில்லை. ஒரு வயல் போனது, ஒரு சதுப்பு வந்தது. கிளுவைக்கு இடம் கிடைத்தது, எங்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் இடம் போனது. இரண்டும் ஒரே நிலத்தில் ஒரே காரணத்தால் நடந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழித்துவிட முடியாது. நிகோபாரில் தென்னையை நம்பி வாழ்ந்த ஒருவரிடம் போய், புதிய கரைகளில் கண்டல் முளைத்திருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் உண்டு, அதை நினைத்தால் எனக்குப் பெரிய வியப்பு. போர்ட் பிளேர் பக்கத்துக் கரைகளில் சேற்றுக்கு அடியில் பழைய கண்டல் மரங்களின் வேர்க்கட்டைகளை நிலவியல் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்து வயது பார்த்திருக்கிறார்கள். சுமார் 1,000 வருடத்துக்கு முன் முழுகிச் செத்த மரங்கள் அவை. இதே கரை அப்போதும் இப்படி இறங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு எழுந்திருக்கிறது. எழுந்த பிறகுதான் அது காடாகி, வயலாகி, நாங்கள் கீரை போடும் நிலமாகியிருக்கிறது. 2004-க்குப் பிறகும் இந்தப் பகுதி மறுபடி மெல்ல மேலெழுவதை ஜிபிஎஸ் கருவிகள் காட்டின. ஆகவே நீங்கள் கேட்ட 'நிரந்தரமாக' என்ற சொல்லுக்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தின் கணக்கில் நிரந்தரம். நிலத்தின் கணக்கில் இல்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மாதத்துக்கு ஒரு முறையாவது ஸ்கூட்டரில் கூட்டிப்போகச் சொல்வார். பெரிய வற்றம் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் கிளம்புவார், ஏனென்றால் அன்றைக்கு மட்டும் எங்கள் கிணற்றின் உறை விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு கையளவு தெரியும். போன முறை அதன் மேல் ஒரு கொக்கு நின்றது. அது பறந்து போகும்வரை அப்பா வண்டியிலிருந்து இறங்கவில்லை.