பழைய காருக்கு மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா? கேள்வி பதில்

பழைய கார்களின் கியர்பாக்ஸ் வேலையைத் தொழிலாகச் செய்துவரும் ஒருவரிடம் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும் இங்கே தரப்படுகின்றன.

கேள்வி (சென்னை): ஐயா, மெர்சிடிஸ் டபிள்யூ 123 வரிசையில் இரண்டு 240 டி டீசல் கார்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று நான்கு கியர் மேனுவல், மற்றொன்று ஆட்டோமேட்டிக். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: 240 டி என்றால் நான் மேனுவலைத்தான் சொல்வேன். காரணம் கியர்பாக்ஸில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது. 1976இல் அந்த வரிசை வெளிவந்தபோது 240 டியின் 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் தந்தது 65 குதிரைத்திறன் மட்டுமே. பின்னாளில் அது 72 ஆயிற்று. சுமார் 1,400 கிலோ எடையுள்ள காரை அந்தச் சக்தி இழுக்க வேண்டும். மேனுவலிலேயே நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 20 விநாடிக்கு மேல் ஆகும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பிளேட்டின் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகக் கியருக்குப் போய்ச் சேருவதால், அதில் ஒரு பங்கு வெறும் சூடாக வீணாகிறது. பெரிய எஞ்சின் இந்த இழப்பைப் பொருட்படுத்தாது. 240 டிக்கு அந்த வசதி இல்லை. ஏசியும் போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது இதை நீங்களே உணர்வீர்கள். அதே உடலமைப்பில் ஐந்து சிலிண்டர் 300 டியோ, ஆறு சிலிண்டர் பெட்ரோல் 280 இயோ கிடைத்தால் தயங்காமல் ஆட்டோமேட்டிக்கை வாங்குங்கள். அவற்றுக்கு அது பொருந்தி வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கப்போகும் ஆட்டோமேட்டிக் கார், ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் முதுகில் தட்டியதுபோல் உதைத்தால், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று விற்பவரே நினைத்து விலையைக் குறைக்கக்கூடும். பெரும்பாலும் அது வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) கசிவாகவே இருக்கும். டீசல் எஞ்சினில் தானாக வேக்குவம் உண்டாவதில்லை என்பதால் அதற்கெனத் தனி பம்ப் வைத்திருக்கிறார்கள். பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டுகள், சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்தும் அமைப்பு, கியர் மாற்றத்தின் மென்மையைத் தீர்மானிக்கும் மாடுலேட்டர் ஆகிய எல்லாமே அந்த ஒரே பம்பை நம்பியிருக்கின்றன. பின்கதவுப் பூட்டில் ஒரு ரப்பர் கிழிந்தாலும் கியர் உதைக்கும். சாவியை எடுத்த பின்பும் எஞ்சின் உடனே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், குற்றவாளி வேக்குவம் ரப்பர் குழாய்தான் என்று ஏறத்தாழ முடிவு கட்டலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் தந்தை வைத்திருந்த 1970களின் அம்பாசடர் இப்போது என்னிடம் உள்ளது. முழங்கால் வலியால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஜப்பானிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அம்பாசடர் கடைசி வரை மேனுவல் காராகவே தயாரிக்கப்பட்டது. ஆட்டோமேட்டிக்குக்கான இடமே அதன் அடித்தளத்தில் விடப்படவில்லை. அதைப் பொருத்த வேண்டுமானால் நடுமேட்டைத் தரையோடு வெட்ட வேண்டும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளத்தை மாற்றி பேலன்ஸ் பார்க்க வேண்டும், கியர் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலர் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, அந்த எஞ்சினின் சக்திக்கு அந்த கியர்பாக்ஸ் எந்த வேகத்தில் கியரை மாற்றும் என்பது பொருத்தியவருக்கே தெரியாது. சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புகளிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 2021இல் வந்த விதிகளின்படி ‘விஏ’ எழுத்துகளுடன் விண்டேஜ் பதிவு பெற நினைத்தால், சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதும் செய்திருக்கக் கூடாது. தரையை வெட்டிய காரைப் பதிவு அதிகாரி முன் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில், கிளட்ச் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்று பாருங்கள். தேய்ந்த பிரஷர் பிளேட்டும், கிரீஸ் வற்றிப்போன இணைப்புகளும், பெடல் தண்டின் புஷ்களும் சேர்ந்து மிதிப்பை இருமடங்கு கனமாக்கிவிடும். பழகிப்போனவர்கள் அதையே அந்த காரின் இயல்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

கேள்வி (திருச்சி): ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியிருக்கிறேன். நின்ற பிறகு முதல் கியர் போட்டால் சத்தமில்லை; ஓடிக்கொண்டே முதல் கியருக்கு இறங்கினால் கரகரவென்கிறது. கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டுமா?

பதில்: கழற்ற வேண்டாம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்த அந்த காரின் நான்கு கியர்களில் முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. சின்க்ரோமெஷ் என்பது சுழலும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தை ஒரு பித்தளை வளையம் சமப்படுத்திக் கொடுக்கும் ஏற்பாடு. அது இல்லாத இடத்தில் அந்த வேலையை ஓட்டுநரின் காலே செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி எஞ்சின் வேகத்தை ஏற்றுங்கள், மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைப் போடுங்கள். நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்று சொல்லிப் பழகிய அதே முறைதான். இரண்டாம் கியரும் கரகரத்தால் மட்டும் வளையம் தேய்ந்திருக்கிறதென்று கொள்ளலாம்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். கடைக்காரர் உயர்தரம் என்று சொல்லி ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு கொண்ட கியர் எண்ணெயைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை வளையத்தை அரிக்கக்கூடியது. கைப்புத்தகம் சொல்லும் எண்ணெய்க்கு இணையான, ஜிஎல்-4க்கு மேற்படாத எண்ணெயே போதும்.

கேள்வி (டொராண்டோ): 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் தேடுகிறேன். ஓட்டுவதற்கு ஆட்டோமேட்டிக் பிடிக்கிறது. ஆனால் நான்கு கியர் மேனுவலுக்குத்தான் மதிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா? விற்பவர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினோடு பிறந்த நான்கு கியர் மேனுவலுக்குச் சந்தையில் கூடுதல் விலை உண்டு என்பது உண்மைதான். ஆனால் ‘பிறந்த’ என்பதுதான் இங்கே முக்கியம். ஓட்டுநர் பக்கக் கதவிலுள்ள தகவல் தகட்டில் கியர்பாக்ஸுக்கென ஒரு குறியீடு இருக்கும். 1965 மஸ்டாங்கில் 1 என்றால் மூன்று கியர் மேனுவல், 5 என்றால் நான்கு கியர் மேனுவல், 6 என்றால் சி4 ஆட்டோமேட்டிக். தகட்டில் 6 இருக்க, தரையில் நான்கு கியர் தண்டு நின்றால், பின்னாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதற்கு நான்கு கியர் காரின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. தகடும் கதவும் கழற்றி மாற்றக்கூடியவை என்பதால், எஞ்சின் அறையின் உள்பேனலில் பொறித்த வண்டி எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விற்பதற்காக அல்லாமல் ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால், வி8 எஞ்சினுடன் சி4 மிகவும் பொருத்தமான இணை. 1964இல் வந்த அந்த மூன்று கியர் பெட்டி எடை குறைந்தது, எளிமையானது. உதிரிபாகங்கள் வட அமெரிக்காவில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த மூன்று கியர் மேனுவலை மட்டும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹெரால்டைப் போலவே அதிலும் முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் இல்லை.

சோதனை ஓட்டத்தின்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து சி4இல் முன்னோக்கி ஓட்டும் நிலையைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்துக்குப் பதிலாக இரண்டு புள்ளிகள் இருக்கும். பச்சைப் புள்ளியில் வைத்தால் கார் முதல் கியரில் கிளம்பி மூன்று கியர்களையும் பயன்படுத்தும். மற்றொரு புள்ளியில் வைத்தால் வழுக்கும் சாலைக்கு ஏற்றவாறு இரண்டாம் கியரிலேயே கிளம்பும். இதை அறியாமல் தவறான புள்ளியில் வைத்து ஓட்டிவிட்டு, கார் இழுக்கவில்லை, கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று நல்ல காரைக் கைவிட்டவர்கள் உண்டு.

கேள்வி (லண்டன்): எனக்கு ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டும் உரிமம்தான் இருக்கிறது. 1960களின் பிரிட்டிஷ் கார் ஒன்று வேண்டும். வழி உண்டா?

பதில்: உண்டு. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டுநர் தேர்வில் தேறியவர் மேனுவல் காரை ஓட்ட முடியாது என்பதால், உங்கள் தேர்வு தானாகவே சுருங்கிவிடுகிறது. எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1967 முதல் 1973 வரை போர்க் வார்னர் 35 ஆட்டோமேட்டிக் வந்தது. ஆனால் அதை விரும்பியவர்கள் குறைவு என்பதால் இன்று கிடைப்பது அரிது. ஜாகுவார் இ டைப் வேண்டுமென்றால், 1966இல் வந்த நீளமான 2+2 உடலில்தான் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. மேனுவலைவிட விலை குறைவாக இருக்கும் என்பது உங்களுக்கு லாபமே. என் பரிந்துரை இவை இரண்டும் அல்ல, டெய்ம்லரின் 2.5 லிட்டர் வி8 சலூன். ஜாகுவார் மார்க் 2இன் உடலில் டெய்ம்லரின் சிறிய வி8 எஞ்சினைப் பொருத்தி 1962இல் வெளியிட்ட அந்த கார், தொடக்கத்தில் ஆட்டோமேட்டிக்குடன் மட்டுமே விற்கப்பட்டது. அந்த இணைக்காகவே வடிவமைத்த காரை ஓட்டும் சுகம் தனி.

கேள்வி (மதுரை): பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

பதில்: விற்பவரிடம், நீங்கள் வரும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் மறைக்க முடியாத குறைகள், சூடான பிறகு மறைந்துவிடும். சில குறைகள் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது அரித்துப்போனால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து, ரோஸ் மில்க் போன்ற நுரை தெரியும். அதைக் கண்டால் அங்கேயே விடைபெறுங்கள், ஏனென்றால் தண்ணீர் புகுந்த கியர்பாக்ஸின் உராய்வுப் பட்டைகள் ஊறிப் பசை விட்டுப்போகும்.

பிறகு எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்றிப் பாருங்கள். ஓரிரு விநாடிக்குள் கார் பிடிக்க வேண்டும். ரிவர்ஸ் மட்டும் தாமதமாகப் பிடித்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிய பின் டிப்ஸ்டிக்கை எடுத்து, எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். பழுப்பேறியிருப்பது வயதைக் காட்டுகிறது. கருகிய வாடை அடித்தால் உள்ளே பட்டைகள் எரிந்திருக்கின்றன. ‘புது எண்ணெய் மாற்றியாகிவிட்டது’ என்று பெருமையோடு சொன்னாலும் எனக்குச் சற்று சந்தேகம் வரும். வாடையைப் போக்குவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கேள்வி (சேலம்): பேட்டரி இறங்கிவிட்டால் ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: பொதுவாக முடியாது. கியர்பாக்ஸுக்குள் அழுத்தத்தை உண்டாக்கும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. 1960களின் நடுப்பகுதிக்கு முன் வந்த சில அமெரிக்கக் கியர் பெட்டிகள் போன்றவற்றில் பின்புறமும் ஒரு பம்ப் இருந்ததால், அவற்றைத் தள்ளிக் கிளப்ப முடிந்தது. இதே காரணத்தால், பழுதான ஆட்டோமேட்டிக் காரைப் பின்சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுத்தாலும் உள்ளே எண்ணெய் ஓடாமல் தேய்ந்துபோகும். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுங்கள், அல்லது லாரியில் ஏற்றுங்கள்.

கேள்வி (உதகமண்டலம்): மலைப்பாதைக்கு எது பாதுகாப்பு?

பதில்: மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது மேனுவலில் இரண்டாம் கியர் போட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் ‘டி’யிலேயே விட்டால் அது டாப் கியருக்குத் தாவி, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். டிரம் பிரேக் கொண்ட பழைய காரில் அது ஆபத்தானது. வேகம் கூடுவதற்கு முன்பே தாழ்ந்த நிலைக்குத் தள்ளிவிட்டால் அதுவும் பிடிக்கும். இரண்டே கியர் கொண்ட செவ்ரோலெட் பவர்கிளைடில் ‘எல்’ நிலையில் வேகம் மிகக் குறைந்துவிடும், ‘டி’யில் பிடிப்பே இருக்காது, அதை இந்தப் பாதைக்கு நான் கொண்டுவர மாட்டேன்.

கேள்வி (நாகர்கோவில்): மாதம் ஒருமுறைதான் காரை எடுப்பேன். அப்படி நின்றிருப்பதை எது தாங்கும்?

பதில்: இரண்டுக்கும் தொல்லை உண்டு, தொல்லையின் தன்மைதான் வேறு. கடற்காற்று வீசும் உங்கள் ஊரில், மழைக்காலம் முழுக்க நின்ற மேனுவல் காரின் கிளட்ச் பிளேட் துருவால் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்சை மிதித்தாலும் கியர் விழாது. காரை நிறுத்தி வைக்கும்போது கிளட்ச் பெடலை அழுத்திய நிலையில் ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

ஆட்டோமேட்டிக்கில், நின்றிருக்கும்போது டார்க் கன்வெர்ட்டரிலுள்ள எண்ணெய் மெல்ல அடித்தட்டுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் அளவுக்கு மேல் எண்ணெய் இருப்பதாகக் காட்டும். அதை நம்பி எண்ணெயை உருவி எடுத்துவிட்டால், ஓடும்போது பம்புக்கு எண்ணெய் போதாமல் கியர் நழுவத் தொடங்கும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளிலும் ஒருமுறை நிறுத்தி வந்து, காரைச் சற்று தூரம் ஓட்டிச் சூடாக்கிய பின், கைப்புத்தகம் சொல்லும் நிலையில் வைத்து எஞ்சின் ஓடும்போதே அளவைப் பாருங்கள்.