கிரிபென்சிஸ் பெண் மீன் கொட்டாங்குச்சியை விட்டு வெளியே வராதது குறித்து

வணக்கம். உங்கள் பெண் கிரிபென்சிஸ் சில நாட்களாகக் கொட்டாங்குச்சிக்குள்ளேயே கிடப்பதாகவும், ஆண் நெருங்கினால் துரத்துவதாகவும், நோயாக இருக்குமோ என்று அதை வெளியே எடுக்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுக்க வேண்டாம். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் முட்டையைக் காக்கும் தாயின் இயல்பே.

தெற்கு நைஜீரியாவின் ஓடைகளைச் சேர்ந்த இந்தச் சிக்லிட் குடும்ப மீன், பொந்தின் கூரையிலோ சுவரிலோ முட்டைகளை ஒட்டவைக்கும். வயிறு ஆழ்ந்த ஊதாச்சிவப்பாக மாறிய பெண், துடுப்புகளால் ஓயாமல் நீரை விசிறியபடி உள்ளே இருக்க, ஆண் வெளியே எல்லையைக் காவல் காக்கும். ஆகவே அதைத் துரத்துவது பகையன்று, பொறுப்பைப் பிரித்துக்கொள்வதுதான். ஆணின் துடுப்புகள் கிழிந்தால் மட்டும் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள்.

சுமார் 26 பாகை வெப்பத்தில் மூன்று நாட்களில் முட்டை பொரியும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதுவரை அவற்றுக்கு வயிற்றோடு ஒட்டியுள்ள பையிலுள்ள கருவுணவே போதும். பிறகு, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகளைக் கொடுங்கள். தொட்டியில் கெளுத்தி வகை இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள், இரவில் அவை முட்டைகளைத் தின்றுவிடும். வடிகட்டியின் உறிஞ்சுவாயையும் பஞ்சால் மூடுங்கள்.