எக்நாக்கில் பச்சை முட்டை வேண்டாம்

கேள்வி: அமெரிக்காவில் என் மகள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எக்நாக் என்ற முட்டைப்பால் செய்கிறார்கள். பச்சை முட்டை சேர்ப்பதால் பேரனுக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. மாற்று வழி உண்டா? மீந்துபோனால் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானதே. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், குழந்தைகளுக்குக் காய்ச்சிய எக்நாக்கையே கொடுக்க வேண்டும். நான்கு மஞ்சள் கருக்களை 75 கிராம் சர்க்கரையுடன் நிறம் வெளிறும்வரை அடித்து, சூடான அரை லிட்டர் பாலை அதில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கி, மீண்டும் சிறு தீயில் வைத்து, 71 டிகிரி செல்சியஸை எட்டும்வரை கைவிடாமல் கிளறச் சொல்லுங்கள். கலவையில் தோய்த்தெடுத்த மரக்கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால், அது மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அதுவே இறக்கும் பதம். கொதிக்கவிட்டால் முட்டை திரிந்துவிடும். வடிகட்டி, ஒரு கப் கிரீம் கலந்து, நன்கு குளிரவைத்து, பரிமாறும்போது ஜாதிக்காயைத் துருவித் தூவலாம்; அந்த மணம் கடைப்பொடியில் ஒருபோதும் வராது. ரம்மோ பிராந்தியோ பெரியவர்களின் கோப்பையில் மட்டும் இருக்கட்டும். மது சேர்த்த உடனே கிருமி செத்துவிடும் என்று நம்பிப் பச்சை முட்டையைப் பயன்படுத்த வேண்டாம்.

மீந்ததில் முந்தைய நாள் ரொட்டித் துண்டுகளை அரை மணி நேரம் ஊறவைத்து, உலர்திராட்சை தூவி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் மேற்புறம் பொன்னிறமாகும்வரை வைத்தால், அருமையான பிரெட் புட்டிங் கிடைக்கும்.